என்ற குரல் லேட்டா கேக்குது தம்பி!

காதர்பேட்டைக்கு வருகிறவர்களில் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்க்கிறவர் யார்? கண்ணெல்லாம் கடை வாசலில் அடுக்கடுக்காகத் தொங்கும் டீ-சர்ட்டில் இருக்கும், குவித்து வைத்த பனியனில் இருக்கும், பண்டல் கட்டுகிற கையில் இருக்கும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிற சில்லறை வியாபாரிகள் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி இந்தச் சந்துகளுக்குள்தான் நுழைகிறார்கள். பேரம் நடக்கிறது, பீஸ் எண்ணப்படுகிறது, மூட்டை ஏறுகிறது. நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரம் இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் படியேறியும் போனேன். அந்த மாடியறையில் கண்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு மெல்ல வாருங்கள். உள்ளே பாட்டு ரெக்கார்டிங் நடக்கிறது!

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துண்டுத் துணியைக் கெட்டியாகத் திணித்து, மெத்தை மெத்தையாகத் தைத்து, தரையிலிருந்து கூரை வரை சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மற்ற ஊர் ஸ்டுடியோக்கள் விலை கொடுத்து வாங்குகிற ஒலி உறிஞ்சும் பலகையின் வேலையை இங்கே கிலோ கணக்கில் கிடைக்கிற பனியன் வேஸ்ட் செய்கிறது. கை தட்டினால் ஓசை அந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. கீழ்க்கடையின் பேரச் சத்தம் கதவு வரை வந்து நின்றுகொள்கிறது. ரயிலை மட்டும் எந்த மெத்தையாலும் தடுக்க முடியவில்லை. கோவை–ஈரோடு பாதையில் வண்டி கடக்கும்போது டேக் நிற்கும், கடந்ததும் தொடரும். மேசையில் ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஜோடி ஹெட்போன். மொத்த ஸ்டுடியோவும் இவ்வளவுதான்.

ரெக்கார்டிங் செய்கிற தம்பி கீழ்க்கடைக்காரரின் மகன். பகலில் பில் போடுகிறார், மாலையில் இந்த அறைக்கு வந்துவிடுகிறார். பாட வந்திருக்கிற அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர். ஊரில் வள்ளிக்கும்மிக் குழுவுக்கு முன்னின்று பாடுகிறவரும் அவர்தான். கொங்கு நாட்டுக் கோயில் திருவிழாக்களில் வள்ளிக்கும்மி இப்போது எப்படிப் பொங்கி எழுந்திருக்கிறது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, இங்கே பல வீடுகளில் சொந்தத் தாத்தாவுக்கே கிடைத்த மகிழ்ச்சி. அந்தக் கும்மியில் ஒரு பாட்டைத்தான் அக்கா இன்று பதிவு செய்யப் போகிறார். வள்ளி தினைப்புனம் காக்கிற இடம். ஜமாப் மேள அடியின் ஒலித் துணுக்குகளை வைத்துத் தம்பி பீட் கட்டி வைத்திருக்கிறார்.

அக்கா ஹெட்போனை மாட்டினார். பீட் ஓடியது. முதல் அடியை எடுத்தார். இரண்டாவது அடியில் நாக்கு தடுமாறியது. நின்றுவிட்டார்.

“என்ற குரல் லேட்டா கேக்குது தம்பி. நான் பாடி முடிச்சதுக்கப்புறம் ஆரோ பின்னாடி பாடற மாதிரி இருக்குது.”

“ஒரு நிமிசமுங்க அக்கா, பார்த்தர்றேன்.”

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இதைப் பார்க்கத்தானே வந்தேன்! கணினியில் பாட்டுப் பதிகிற உலகத்தில் அத்தனை பேரையும் படுத்தியெடுக்கிற லேட்டன்சி என்கிற தாமதம் என் கண்முன்னே வந்து உட்கார்ந்துவிட்டது.

குரல் போகிற வழியைக் கூடவே நடந்து பார்ப்போம். அக்காவின் வாயிலிருந்து வரும் காற்றதிர்வை மைக் மின்சாரமாக்குகிறது. இன்டர்ஃபேஸ் அதை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். எண்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தால் கணினிக்குக் கட்டுப்படியாகாது. ஒரு கூட்டம் சேரும்வரை காத்திருந்து மொத்தமாகத்தான் எடுக்கும். அந்தக் கூட்டத்தின் அளவுதான் பஃபர். தம்பியின் பஃபர் 1024இல் இருந்தது. 1024ஐ 44,100ஆல் வகுத்துப் பாருங்கள், 23 மில்லிசெகண்ட் வரும். உள்ளே போக 23, வெளியே வர இன்னொரு 23. ஆக 46 மில்லிசெகண்ட். அனலாக்கை எண்ணாக்கும் சில்லும், யு.எஸ்.பி. வழியும் தங்கள் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கும்.

தம்பி பஃபரை 128க்கு இறக்கினார். உள்ளே 2.9, வெளியே 2.9, மொத்தம் 5.8 மில்லிசெகண்ட். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, தீர்ந்தது என்றே நினைத்தேன். அக்கா மறுபடி பாடினார். மறுபடி நின்றார்.

“இன்னும் அப்படியேதான் தம்பி இருக்குது.”

கணினியில் பாட்டுப் பதிகிற பலர் சிக்கிக்கொள்கிற புதிர் இதுதான். பஃபரைக் குறைக்கிறார்கள், இன்னும் குறைக்கிறார்கள், 64க்கு வந்துவிடுகிறார்கள். லேப்டாப் திணறி ஹெட்போனில் படபடவென்று பொரிய ஆரம்பிக்கிறது, தாமதமோ அசையாமல் இருக்கிறது. அப்போது லேப்டாப்பைத் திட்டுகிறார்கள், மாற்றவும் மாற்றுகிறார்கள். புது லேப்டாப்பிலும் அதே கதைதான். ஏனென்றால் தாமதம் ஒன்றல்ல, இரண்டு. பஃபர் போடுகிற தாமதம் ஒன்று. ஒலியை மெருகேற்ற மென்பொருளுக்குள் செருகும் பிளகின்கள் தங்களுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிற தாமதம் இன்னொன்று. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இரண்டாவது குறையாது. கணினி எத்தனை வேகமானாலும் குறையாது. அது பிளகினின் கணக்குக்குள்ளேயே கட்டப்பட்டது.

தம்பி பயன்படுத்துகிற மென்பொருள் ரீப்பர். வின்ஆம்ப் என்று ஒரு பாட்டுக் கருவி நம் கணினிகளையெல்லாம் ஆண்டதே, அதை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல்தான் 2006இல் இதன் முதல் பதிப்பை முழுமையாக்கினார். தனியாள் உரிமம் 60 டாலர். மாடியறை ஸ்டுடியோக்காரர்களுக்கு இது பெரும் வரம் என்பேன். ரீப்பரில் பிளகின் ஜன்னலைத் திறந்தால், அந்த வரிசை எத்தனை சாம்பிள் தாமதத்தை உண்டாக்குகிறது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணைத் தம்பி காட்டியபோது குனிந்து குனிந்து பார்த்தேன். குற்றவாளிகள் வரிசையாக நின்றார்கள்!

முதலாவது, குரல் டிராக்கில் இரைச்சல் நீக்கும் பிளகின். மின்விசிறி ஓசையையும் தெருவின் முணுமுணுப்பையும் பிரித்தெடுக்க அது 2048 சாம்பிள் சேரும்வரை காத்திருந்து, அந்தத் துண்டில் எந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று அலசுகிறது. துண்டு சிறியதானால் தாழ்ந்த ஒலிகளைப் பிரித்தறிய முடியாது, காத்துத்தான் ஆக வேண்டும். 46 மில்லிசெகண்ட்.

இரண்டாவது பெரும்புள்ளி. பீட் மொத்தத்துக்கும் பளபளப்பு ஏற்ற, எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்கில் தம்பி வைத்திருந்த லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர். சாதாரண ஈக்வலைசர் ஒலியின் அலைவரிசைகளை ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக நகர்த்திவிடும். லீனியர் ஃபேஸ் வகை அப்படி நகர்த்தாது, எல்லாம் ஒரே சீராக வரும். அதற்கு அது கேட்கிற விலை, ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்னால் வந்ததையும் பின்னால் வரப்போவதையும் சரிபாதியாகப் பார்க்க வேண்டும் என்பது. வரப்போவதைப் பார்க்க ஒரே வழி, வரும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பது. ஃபேப்ஃபில்டர் நிறுவனத்தின் புரோ-கியூ 3 பிளகினில் இந்த முறையை மீடியம் தரத்தில் வைத்தால் 5120 சாம்பிள் தாமதம், அதாவது 116 மில்லிசெகண்ட். மேக்ஸிமத்தில் 66,560 சாம்பிள். ஒன்றரை நொடி! ஒன்றரை நொடியில் ஜமாப்காரர் ஒரு சுற்றையே அடித்து முடித்துவிடுவார். அதே பிளகினில் தாமதமே இல்லாத முறையும் இருக்கிறது. ரெக்கார்டிங் நேரத்தில் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு சொடுக்குப் போதும்.

மூன்றாவது, மாஸ்டரின் கடைசியில் நிற்கிற லிமிட்டர். ஒலி எகிறுவதற்கு முன்பே பிடித்து அமுக்க அது சில மில்லிசெகண்ட் முன்னோக்கிப் பார்க்கிறது. ஓர் 5 என்று வையுங்கள்.

இப்போது கூட்டுங்கள். பஃபர் 1024இல் இருந்தபோது 46, இரைச்சல் நீக்கி 46, ஈக்வலைசர் 116, லிமிட்டர் 5. மொத்தம் 213 மில்லிசெகண்ட். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். 213 மில்லிசெகண்டில் அது ஏறத்தாழ 75 மீட்டர் கடந்திருக்கும். அக்காவின் குரல் அந்தச் சந்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்கிற நேரம் கழித்துத்தான் அவர் காதுக்கே வந்திருக்கிறது. பஃபரை 128க்குக் குறைத்ததில் 213 என்பது 173 ஆனது, அவ்வளவுதான். அக்காவுக்கு எந்த மாற்றமும் தெரியாததில் வியப்பே இல்லை.

200 மில்லிசெகண்ட் என்கிற எண்ணைச் சுற்றி ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் பெர்னார்ட் லீ, ஒருவர் பேசுவதை டேப் வழியாகச் சற்றுத் தாமதித்து அவர் காதிலேயே ஒலிக்கவிட்டால் நன்றாகப் பேசுகிறவரும் திக்குகிறார் என்பதை 1950இல் எழுதினார். அந்தத் திக்கல் உச்சத்துக்குப் போவது 200 மில்லிசெகண்ட் பக்கத்தில். இதையே கருவியாக்கி, பேசிக்கொண்டே போகிறவரைத் தூரத்திலிருந்து நிறுத்தும் துப்பாக்கி ஒன்றை ஜப்பானின் குரிஹாராவும் சுகாடாவும் செய்தார்கள், 2012இல் அதற்கு இக்நோபல் பரிசு கிடைத்தது! அக்காவின் நாக்கு தடுமாறியது மனித மூளையின் பொது இயல்பு. அவர் குரலில் குறை ஏதும் இல்லை. தம்பி இதைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். தாமதத்தில் பாடி உதறலெடுத்து, “எனக்கு இந்த ரெக்கார்டிங்கெல்லாம் சரிப்படாது” என்று ஒதுங்கிய பாடகர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

சரி, இத்தனை தாமதம் இருந்தும் முன்பே பதிந்த டிராக்குகள் மட்டும் எப்படி ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகின்றன? இங்கே திருப்பூர்க்காரர்களுக்கு ஒரே வரியில் புரிய வைக்கலாம். காலர் வைத்த டீ-சர்ட் ஒரு லாட் போகிறது. பாடி வெட்டியாயிற்று, கை வெட்டியாயிற்று, காலர் மட்டும் வேறிடத்திலிருந்து வர வேண்டும். காலர் வரும்வரை பாடியும் கையும் பண்டிலாகக் காத்திருக்கும். வந்ததும் மூன்றும் ஒன்றாக மெஷினுக்குப் போகும், எதுவும் முந்தாது. மென்பொருளும் அதையேதான் செய்கிறது. எந்த டிராக்கின் பிளகின் அதிகத் தாமதம் போடுகிறதோ அதைக் கணக்கில் எடுத்து, மற்ற எல்லா டிராக்குகளையும் அதே அளவுக்கு நிறுத்தி வைத்து ஒன்றாக அனுப்புகிறது. தாமத ஈடுகட்டல் என்று இதைச் சொல்லலாம். கேட்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஆனால் அக்கா இப்போது, இந்த நொடியில் பாடுகிற குரலை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? பதிந்த டிராக்கில் அடுத்த சாம்பிள் ஏற்கெனவே வட்டில் இருக்கிறது, மென்பொருள் அதை முன்கூட்டியே எடுத்துவிடலாம். அக்காவின் அடுத்த சாம்பிள் இன்னும் அவர் தொண்டையில்தான் இருக்கிறது. அதனால்தான் மிக்ஸிங்கில் யாருமே கவனிக்காத தாமதம் ரெக்கார்டிங்கில் மட்டும் வந்து மிரட்டுகிறது. மாஸ்டர் டிராக்கில் உள்ள பிளகின் இதில் படுமோசம். பீட்டுக்காக வைத்தாலும் பாடுகிற குரலும் அந்த வாசல் வழியாகத்தானே வெளியே வர வேண்டும்!

இனி தம்பியின் கையைப் பாருங்கள், மளமளவென்று ஓடுகிறது. மாஸ்டரில் இருந்த ஈக்வலைசரையும் லிமிட்டரையும் ஆஃப்லைன் ஆக்குகிறார். பைபாஸ் மட்டும் போட்டால் பல மென்பொருள்களில் தாமதக் கணக்கு அப்படியே நிற்கும். பிளகினை இயக்கத்திலிருந்தே கழற்ற வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அடுத்து, ஏகப்பட்ட சின்த்தும் எஃபெக்டும் ஏறிய பீட்டை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக ரெண்டர் செய்து புது டிராக்கில் போடுகிறார். இப்போது லேப்டாப் சுமப்பது ஒரு ஃபைலும் ஒரு குரலும்தான். பஃபர் 64க்கு இறங்கியும் ஒரு பொரிச்சலும் இல்லை. குரல் டிராக்கில் இரைச்சல் நீக்கியும் போய்விட்டது. பச்சைக் குரல் மட்டும்.

லாஜிக் மென்பொருளில் இதற்கென்றே லோ லேட்டன்சி மோட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, கியூபேஸிலும் ஏபிள்டன் லைவிலும் இதே வேலையைச் செய்யும் வசதிகள் உண்டு. நேரம் ஒதுக்கிப் படித்துவைத்தால் பாடகரை உட்காரவைத்துக் கொண்டு தேட வேண்டியதில்லை.

அக்கா பாடினார். இந்த முறை நிற்கவில்லை. பல்லவி முழுக்கப் பாடினார். முடித்ததும், “வேகமா வருது தம்பி. ஆனா குரல் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது” என்றார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது, அத்தனை கூர்மையான காது! பாடுகிறவர் தன் குரலை இரண்டு வழியில் கேட்கிறார். எலும்பு வழியாக உடனே, ஹெட்போன் வழியாகச் சற்றுத் தாமதமாக. இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 3 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் முதல் பள்ளம் 167 ஹெர்ட்ஸில், அடுத்து 500இல், அடுத்து 833இல் விழும். தாமதம் தாமதமாகத் தெரியாது, குரலின் நிறம் கெட்டதாகத் தெரியும். இதற்கு ஒரு சின்ன வித்தையைத் தம்பி செய்தார். ஹெட்போனுக்குப் போகும் குரலின் போலாரிட்டியைத் தலைகீழாக்கினார். “இது நல்லா இருக்குதுங்களா, அது நல்லா இருக்குதுங்களா?” இரண்டாவதில் அடிக்குரல் நிறைந்து வந்தது என்றார் அக்கா. ஒரு காசு செலவில்லை!

இதையும் தாண்டி ஒரு முழுத் தீர்வு உண்டு, இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே. டைரக்ட் மானிட்டர் பொத்தான். மைக்கின் குரலைக் கணினிக்கு அனுப்பும்போதே ஒரு கிளையை நேராக ஹெட்போனுக்குத் திருப்பிவிடும். கணினி போடுகிற தாமதம் எதுவும் அதில் சேராது. ஆனால் பாடகர்களுக்கு ஒரு குறை, ரிவர்ப் என்கிற எதிரொலி முழக்கம் இருக்காது, குரல் உலர்ந்து கேட்கும். கோயில் மைதானத்தில் ஒலிபெருக்கியில் பாடிப் பழகியவருக்கு உலர்ந்த குரலில் உற்சாகம் வராது.

அதற்குத் தம்பி செய்ததுதான் அன்றைய மாலையில் என்னை எழுந்து நிற்க வைத்தது. குரலை டைரக்ட் மானிட்டரில் கொடுத்தார். கணினிக்குள் குரல் டிராக்கின் நேரடி ஒலியை ஹெட்போனுக்கு வராமல் அடைத்தார். அடைக்காவிட்டால் இரட்டைக் குரல் கேட்கும். பிறகு ரிவர்ப்பின் ஈர ஒலியை மட்டும் கணினியிலிருந்து அனுப்பினார். அந்த ரிவர்ப் பஃபரால் 20 மில்லிசெகண்ட் தாமதித்து வந்தால் என்ன? உண்மையான மண்டபத்திலும் சுவரில் பட்ட ஒலி தாமதமாகத்தானே திரும்புகிறது! ரிவர்ப் கருவிகளில் பிரீ-டிலே என்று ஒரு குமிழ் உண்டு, அந்தத் தாமதத்தைக் கூட்டவே வைத்திருக்கிறார்கள். எதிரியாக இருந்த லேட்டன்சி பிரீ-டிலேயாக மாறி நமக்கு வேலை செய்கிறது. உண்மையான அறைகளின் எதிரொலிப் பதிவைக் கொண்டு இயங்கும் ரிவர்ப்களும் தாமதமில்லாமல் ஓடலாம். எதிரொலியின் தொடக்கத்தைச் சின்னத் துண்டுகளாகவும் வாலைப் பெரிய துண்டுகளாகவும் வெட்டிக் கணக்கிடும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995இலேயே எழுதிவிட்டார்.

குரலின் சுருதியைத் திருத்தும் பிளகினைத் தம்பி தொடவே இல்லை. இதில் நான் முழுக்க அவர் கட்சி. ஆட்டோ-டியூனை 1997இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன்பு எண்ணெய் தேட நில அதிர்வுகளை அலசிய பொறியாளர். சுருதி கண்டுபிடிக்க அலையின் ஒரு சுற்றாவது முழுதாக வர வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஆண் குரலில் ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட், 300 ஹெர்ட்ஸ் பெண் குரலில் 3.3. இயற்கையே வைத்திருக்கிற காத்திருப்பு இது. கும்மிப் பாட்டில் அக்கா ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி இறங்குகிற இடங்கள்தான் உயிர். அவற்றைப் படிக்கட்டாக்கிவிடும் பிளகினுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

தாமதமே இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். கோடம்பாக்கத்தின் பெரிய கூடங்களில் வயலின் குழுவும் தபலாவும் பாடகரும் ஒரே நேரத்தில் பதிந்த நாட்களில், 12 மீட்டர் தள்ளி நின்றவரின் ஒலி 34 மில்லிசெகண்ட் கழித்துத்தான் வந்து சேரும். நடத்துகிறவரின் கையைப் பார்த்துச் சமாளித்தார்கள், தங்கள் கருவியின் ஒலி தங்களுக்கு உடனே கேட்டது. கும்மி வட்டத்திலும் அப்படியே. 6 மீட்டர் எதிரே நிற்கிறவர் கைத்தட்டு 17 மில்லிசெகண்ட் பிந்தும், ஆனால் கண் காலைப் பார்க்கிறது. அடுத்தவர் பிந்துவதை மனிதர் தாங்குவார்கள். தன் குரலே தனக்குப் பிந்துவதைத்தான் தாங்க மாட்டார்கள்.

அந்தக் கூடங்களிலிருந்து இந்த மாடியறை வரை வந்த வழியையும் பார்த்துவிடலாம். 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா யமஹாவின் சி.எக்ஸ்.5.எம். இசைக் கணினியைக் கொண்டுவந்தார். 1992இன் ‘ரோஜா’ பாடல்கள் ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டோடு அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவில் பிறந்தன. வீட்டுக்குள் ஸ்டுடியோ என்ற எண்ணம் தமிழ்நாட்டு இளைஞர்களுக்குத் தொற்றியதில் அந்த அறைக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண விண்டோஸ் கணினியில் பாடிக்கொண்டே கேட்க முடிந்ததற்கு ஒரு காரணம் ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம். 1996இல் வி.எஸ்.டி. பிளகின் முறையையும், 1997இல் விண்டோஸின் நீண்ட ஒலி வழியைச் சுற்றிக்கொண்டு நேராக இன்டர்ஃபேஸோடு பேசும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் முறையையும் அவர்கள்தான் தந்தார்கள். காதர்பேட்டை மாடியில் அக்கா பாடுவதற்கு ஜெர்மனியில் யாரோ கண் விழித்திருக்கிறார்கள்!

அறையில் தம்பி கடைப்பிடிக்கிற சில்லறை ஒழுங்குகளும் எனக்குப் பிடித்தன. ரெக்கார்டிங்கில் லேப்டாப் சார்ஜரில்தான் இருக்கும், பேட்டரியில் ஓடினால் பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைஃபை அணைந்திருக்கும், அதன் டிரைவர் இடையில் புகுந்து ஒலியைத் தடுக்கும். டேக் ஓடும்போது மின்விசிறியும் நிற்கும், வேர்த்துக் கொட்டினாலும் சரி. லேப்டாப்புக்கு அடியில் மட்டும் காற்றுப் போக மரச்சட்டம், சூடேறினால் அதுவும் மெதுவாகும். அக்காவின் மகன் தன் புளூடூத் இயர்போனை ஆசையாக நீட்டினான், தம்பி சிரித்துக்கொண்டே ஒயர் ஹெட்போனைக் கொடுத்தார். புளூடூத்தில் 150, 200 மில்லிசெகண்ட் சர்வசாதாரணம். பெர்னார்ட் லீயின் திக்கல் மண்டலத்துக்கே திரும்பிவிடுவோம்.

கைத்தட்டுப் பதிவு கடைசியில் வந்தது. கும்மியின் நெஞ்சே கைத்தட்டுதான், அங்கே சின்ன விலகலும் காதில் குத்தும். அக்கா தாளத்தில் சரியாகத் தட்டினாலும் திரையில் ஒவ்வொரு தட்டும் பீட்டுக்கு மயிரிழை பின்னால் விழுந்தது. தம்பி உடனே ஒரு கேபிளை எடுத்து இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகினார். ஒரு டிக் ஒலியை வெளியே அனுப்பி, சுற்றி வந்ததைப் பதிந்து, இரண்டையும் சாம்பிள் தெரியும்வரை பெரிதாக்கினார். சுற்றி வந்த டிக் சுமார் 90 சாம்பிள் தள்ளி நின்றது. இரண்டு மில்லிசெகண்ட்! டிரைவர் தன் தாமதத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறது, மென்பொருள் அதை நம்பி இடம் வைத்திருக்கிறது. ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்பில் கையால் திருத்தம் போடும் கட்டத்தில் அந்த எண்ணை எழுதி, மறுபடி டிக் அனுப்பினார். இரண்டு முகடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. வீட்டில் ஒரு இன்டர்ஃபேஸும் ஒரு கேபிளும் இருக்கிறவர்கள் இதை ஒருமுறை செய்துவிடுங்கள், பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் திரும்பச் செய்யுங்கள்.

அக்கா கைத்தட்டை மறுபடி பதிந்தார். நெற்றியில் அறைந்த மாதிரி பீட்டில் விழுந்தது.

எல்லாம் பதிந்தபின் தம்பி பஃபரை 2048க்கு ஏற்றினார். கழற்றிய பிளகின்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இரைச்சல் நீக்கி வந்தது, லிமிட்டர் வந்தது, ஈக்வலைசர் இந்த முறை மேக்ஸிமத்தில் வந்தது. பிளே அழுத்தினால் ஒலி ஆற அமர வெளியே வருகிறது. இப்போது யார் பாடப் போகிறார்கள், வரட்டும். அக்கா ஒயர் ஹெட்போனில் கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார்.

“கைத்தட்ட இன்னும் கொஞ்சம் ஏத்தி வையி தம்பி. கோயில்ல போட்டா கடைசி வரிசைக்குங் கேக்கோணும்.”

“ஏத்திரலாமுங்க அக்கா” என்று தம்பி ஃபேடரை மேலே தள்ளினார்.